ப்ளைவுட் ரீஃப் தொட்டி: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

இது தொட்டி கட்டுவதற்கான குறிப்பு இல்லை. கட்டி முடித்துவிட்டு, அல்லது பாதி கட்டிவிட்டு, "என்னமோ சரியில்லையே" என்று நிற்பவர்களுக்கானது. மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் ப்ளைவுட்டில் பெரிய ரீஃப் தொட்டி, அதாவது மீனும் பவளமும் சேர்ந்து வாழும் கடல் மீன் தொட்டி, செய்கிறவர்கள் அநேகமாக ஒரே மாதிரிதான் செய்கிறார்கள். மூன்று பக்கமும் அடியும் 18 மி.மீ. ப்ளை, உள்ளே எபாக்சிப் பூச்சு (ரெசினும் ஹார்ட்னரும் கலந்து இறுகுவது), மூலைகளில் ஃபைபர் துணி, முன்னால் மட்டும் உள்பக்கமாக வைத்து ஒட்டிய கண்ணாடி. கணக்குக்காக 8 அடி நீளம், 3 அடி அகலம், 2½ அடி உயரம் என்று ஒரு தொட்டியை வைத்துக்கொள்வோம். முழுக்க நிரப்பினால் 1,700 லிட்டர். உப்புத் தண்ணீர் என்பதால் எடை 1,740 கிலோ. முன் கண்ணாடியை மட்டும் 700 கிலோவுக்கு மேல் தள்ளிக்கொண்டே இருக்கும்.

கீழே சொல்லும் எந்தக் கோளாறாக இருந்தாலும் சரி, நிலைமை கைமீறுவது போலத் தெரிந்தால் முதலில் தண்ணீரைப் பாதியாக இறக்குங்கள். சுவரைத் தள்ளும் விசை உயரத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. அதனால் தண்ணீர் பாதியானால் விசை கால்வாசியாகிவிடும். முழுக்கக் காலி செய்து மீனையும் பவளத்தையும் தவிக்க விட வேண்டியதில்லை. அந்த 850 லிட்டரை எதில் பிடிப்பது என்பதை மட்டும் இன்றைக்கே யோசித்து வையுங்கள். மொட்டை மாடியில் சும்மா கிடக்கும் சின்டெக்ஸ் போதும், கழுவி வைத்திருந்தால். இறக்குவதற்கு முன் ஹீட்டரையும் ரிட்டர்ன் பம்பையும் (கீழ்த்தொட்டியிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுவது) அணைத்துவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடும் ஹீட்டர் வெடிக்கும்.

தண்ணீரில் கை வைத்தால் சுருக்கென்கிறது

இது அடிக்கடி வருவதில்லை. வந்தால் வேறு எதையும் பார்க்காதீர்கள். கையை எடுத்துவிட்டு மெயினை அணையுங்கள். பிறகு ஒவ்வொரு ப்ளக்காகக் கழற்றி, டெஸ்டரோ மல்டிமீட்டரோ வைத்து எந்தச் சாமான் மின்சாரத்தை விடுகிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் உறை விரிந்த பழைய பம்பு, இல்லையென்றால் கண்ணாடி கீறிய ஹீட்டர். தொட்டிக்குப் போகும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் ரீஃப் தொட்டி ஓட்டவே கூடாது என்பது என் கருத்து. பழைய வீடுகளில் எர்த் ஒயர் பெயருக்கு மட்டும் இருக்கும். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு அதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். ஒயர்கள் ப்ளக் பாயிண்டுக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு ஏற வேண்டும். ஒயரில் வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், ப்ளக்குக்குள் போகாது.

வெளியே ஈரம் தெரிகிறது, சொட்டுகிறது

முதலில் இது கசிவுதானா? ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றில் ஈரம் ஏறியிருக்கும். சில்லரை (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) 25 டிகிரியில் ஓட விட்டிருந்தால் கண்ணாடி வெளிப்பக்கம் வியர்த்து, வழிந்து, கீழ்ச்சட்டத்தில் வந்து சேரும். வியர்வை என்றால் கண்ணாடி முழுக்கச் சீராக இருக்கும். மரம் குளிரை அவ்வளவாகக் கடத்தாது என்பதால் ப்ளை பக்கம் உலர்ந்திருக்கும். இன்னொன்று தெறிப்பு: ஸ்கிம்மரோ (அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி) குழாயோ மேலே தெறித்து, பின்பக்கமாக இறங்குவது. டிஷ்யூ பேப்பரில் ஒற்றி நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். வியர்வை சப்பென்றிருக்கும், தெறித்ததும் கசிந்ததும் உப்புக் கரிக்கும். தெறிப்பாக இருந்தால் மேல் விளிம்பிலிருந்தே வெள்ளை உப்புக்கோடு இறங்கியிருக்கும். கசிவுக்கு அந்தக் கோடு நடுவிலோ அடியிலோ திடீரென்று தொடங்கும்.

கசிவுதான் என்று முடிவானால் சிலிக்கான் ட்யூபைத் தேடி ஓடாதீர்கள். வெளியே எதைப் பூசினாலும் உள்ளே இருக்கும் தண்ணீர் அதைப் பின்னாலிருந்து தள்ளி உரித்துவிடும். அதைவிட மோசம், உள்ளே அவசரத்தில் தடவும் சிலிக்கான். சிலிக்கான் பட்ட இடத்தில் அப்புறம் எபாக்சி பிடிக்காது. எவ்வளவு சுரண்டினாலும் ஒரு மெல்லிய படலம் மிச்சம் இருந்து, புதுப் பூச்சு அந்த இடத்தில் மட்டும் விலகி விலகி நிற்கும். எபாக்சியால் தீர வேண்டிய ஓட்டையைச் சிலிக்கானால் அடைத்து, பிறகு அடியையே கிரைண்டரால் தேய்த்து எடுக்க வேண்டிவந்த தொட்டிகள் உண்டு.

ப்ளைவுட்டில் தண்ணீர் தெரியும் இடம் நுழைந்த இடமாக இருப்பது அபூர்வம். ஓட்டு வீட்டில் மழை ஒழுகுகிற கதைதான்: ஓடு உடைந்தது ஒரு பக்கம், சொட்டுவது அடுப்படியில். ப்ளையின் நடு அடுக்குகளில் இடைவெளிகள் இருக்கும். மலிவான சரக்கில் பென்சில் நுழையும் அளவுக்கே இருக்கும். பின்சுவரின் மேலே ஊசி ஓட்டை வழியாக நுழைந்த தண்ணீர் அந்த இடைவெளியில் நடந்து, வலது மூலையின் அடியில் வந்து எட்டிப்பார்க்கும். எனவே தேட வேண்டியது உள்ளே.

உயரத்தைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. பம்பு, ஸ்கிம்மர், தானாகத் தண்ணீர் நிரப்பும் கருவி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். காற்று பம்பை மட்டும் ஓட விடலாம். தண்ணீர் மட்டத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிக் கோடு போடுங்கள். பக்கத்திலேயே ஒரு வாளியில் அதே தண்ணீரை ஊற்றி, அதிலும் கோடு போடுங்கள். வாளியில் குறைவது ஆவியானது மட்டும். தொட்டியில் அதைவிடக் கூடுதலாகக் குறைந்தால் மிச்சம் கசிவு. இறங்க விடுங்கள். எந்த உயரத்துக்கு வந்ததும் தொட்டியும் வாளியும் ஒரே வேகத்தில் குறைய ஆரம்பிக்கின்றனவோ, அந்த உயரத்தில்தான் ஓட்டை. கடைசிவரை அப்படி நிற்கவேயில்லை என்றால் கசிவு அடியில், அல்லது கண்ணாடியின் கீழ் விளிம்பில். உயிர்கள் இருக்கும் தொட்டியில் பாறை வெளியே தெரியும் வரை இதைச் செய்ய முடியாது. அவற்றை ட்ரம்முக்கு மாற்றிவிட்டுச் செய்யுங்கள்.

உயரம் தெரிந்த பிறகு, அந்த மட்டத்தில் சந்தேகப்பட வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். முதல் ஆள் எப்போதும் டேங்க் நிப்பிள், அதாவது சுவர்த் துளையில் குழாயைப் பொருத்தும் இணைப்பு. ப்ளையில் துளை போட்டவர்கள் துளையின் உள்வட்டத்துக்கு எபாக்சி தடவ மறந்துவிடுவார்கள். ப்ளையின் வெட்டுமுகம் தண்ணீரை உறிஞ்சும் வேகத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள், ஆனால் எல்லோரும் பார்த்திருப்பதில்லை. ரப்பர் வாஷர் தலை இருக்கும் பக்கம், அதாவது தண்ணீர்ப் பக்கம் இருக்க வேண்டும். நட்டுப் பக்கம் போட்டால் பயனில்லை. நட்டைக் கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று போதும். குழாய் ரெஞ்ச் வைத்து முறுக்கினால் வாஷர் பிதுங்கி வெளியே வந்துவிடும். அடுத்த சந்தேகம் கண்ணாடியின் கீழ் மூலைகள் இரண்டும். மூன்றாவது, சுவரும் அடியும் சேரும் மூலையில் ஃபைபர் துணிக்கு அடியில் அடைபட்ட காற்று. விரல் நகத்தால் தட்டினால் அந்த இடம் மட்டும் காகிதம் போலச் சத்தம் கொடுக்கும்.

சந்தேகப்பட்ட இடத்தை உறுதி செய்யத் தண்ணீர் அசையாமல் இருக்கும்போது, ஊசி கழற்றிய சிரிஞ்சில் உணவு நிறத்தை எடுத்து அந்த விளிம்பை ஒட்டி மெதுவாக விடுங்கள். ஓட்டை இருந்தால் நிறம் நூல் மாதிரி அதை நோக்கி இழுபடும். சொட்டுச்சொட்டாகக் கசியும் தொட்டியில் இது தெரியாமலும் போகலாம். தாரையாகக் கசிவதில் நன்றாகத் தெரியும்.

இனி ஒட்டு. தண்ணீரை ஓட்டைக்குக் கீழே நாலு விரற்கடை இறக்கி, நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, கெட்டுப்போன பூச்சை மரம் தெரியும் வரை தேய்த்து எடுங்கள். பிறகு காய விட வேண்டும். எல்லோரும் அவசரப்படும் இடம் இதுதான். மேல் முகம் உலர்ந்துவிடும், உள் அடுக்கு ஈரமாகவே இருக்கும். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் வெயில் நாளில் அது ஆவியாகிப் பூச்சைக் கிளப்பிவிடும். ஈரமானி இல்லாதவர்கள் ஒரு பாலித்தீன் துண்டைச் சாயங்காலம் அந்த மரத்தின் மேல் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். காலையில் உள்பக்கம் முத்து முத்தாகப் பூத்திருந்தால் இன்னும் ஈரம். மின்விசிறியை நேராக வைத்தால், பங்குனி சித்திரையில் சீக்கிரம் காயும். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் ஆகும், வேறு வழியில்லை.

எபாக்சி பிசுபிசுக்கிறது

விரல் வைத்தால் ஒட்டுகிறது, இரண்டு நாள் ஆகியும் அப்படியே என்றால் கலவை விகிதம் தவறியிருக்கிறது, அல்லது சரியாகக் கலக்கவில்லை. "சீக்கிரம் காயட்டும்" என்று ஹார்ட்னரைக் கூட்டி ஊற்றுகிற பழக்கம் பாலியெஸ்டர் வேலை செய்தவர்களிடம் இருக்கும். பாம்பன் பக்கம் ஃபைபர் வள்ளம் கட்டுகிறவர்கள் வெயிலுக்குத் தக்கபடி வினைமுடுக்கியைக் கூட்டிக் குறைப்பார்கள், அங்கே அது சரி. எபாக்சியில் ஹார்ட்னரும் பிளாஸ்டிக்கின் ஒரு பங்கு. கூடினாலும் குறைந்தாலும் மிச்சம் இருப்பது பிசினாகவே நிற்கும். எல்.ஒய். 556 ரெசினுக்கு எச்.ஒய். 951 என்றால் எடைக்கணக்கில் 100-க்கு 10. 200 கிராம் ரெசினுக்கு 20 கிராம். மூடியால் அளக்கிற வேலை ஆகாது. சமையல் தராசு போதும். வேறு ரெசின் என்றால் விகிதமும் வேறு, டப்பாவைப் படியுங்கள். கொள்ளளவுக் கணக்கா, எடைக்கணக்கா என்பதையும் பாருங்கள்.

கலக்கும்போது டப்பாவின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்துக் கலந்து, பிறகு வேறு டப்பாவுக்கு மாற்றி இன்னொரு முறை கலக்குங்கள். திட்டுத் திட்டாகப் பிசுபிசுப்பதற்குப் பாதிக் காரணம் டப்பா ஓரத்தில் ஒட்டியிருந்த கலக்காத ரெசின்தான்.

பிசுபிசுக்கும் பூச்சின் மேல் நல்ல பூச்சு போட்டு மூடலாமா என்று கேட்பார்கள். கூடாது. சுரண்டி எடுத்து, அசிட்டோன் துணியால் துடைத்து, உலர்ந்த பின் உப்புத்தாள் தேய்த்துத் திரும்பப் பூசுங்கள். அறை ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஹார்ட்னர் தோலுக்கு ஆகாது.

டப்பாவிலேயே சூடேறி, புகைந்து, கட்டியாகிவிட்டது என்றால் அது வேறு விஷயம். டப்பாவில் எழுதியிருக்கும் வேலை நேரம் 25 டிகிரிக்கானது. பத்து டிகிரி கூடினால் ஏறக்குறைய பாதியாகும். கத்திரி வெயிலில் நம்ம ஊர்ப் போர்டிகோ எவ்வளவு கொதிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 200 கிராமுக்கு மேல் ஒரே தடவையில் கலக்காதீர்கள். கலந்ததும் அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள். குவிந்து இருந்தால்தான் சூடேறும்.

பூச்சில் குமிழும் ஊசி ஓட்டையும்

காலையில் பூசுகிறார்கள். பத்து மணிக்கு வெயில் ஏறுகிறது. மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து, இறுகாத பூச்சு வழியாகக் குமிழ் விட்டு வெளியேறுகிறது. முதல் பூச்சை மாலை நாலு, ஐந்து மணிக்கு மேல், வெப்பம் இறங்கும் நேரத்தில் போட்டால் மரம் குளிர்ந்து பூச்சை உள்ளே இழுத்துக்கொள்ளும். குமிழ் வராது. ஏற்கெனவே ஓட்டை விழுந்திருந்தால் மேலே மேலே பூசி மூட முடியாது. பூச்சு ஓட்டையின் மேல் பாலம் கட்டுமே தவிர உள்ளே இறங்காது. எபாக்சியில் சிலிக்கா பொடி கலந்து பட்டி மாதிரி செய்து, பிளாஸ்டிக் தகட்டால் அழுத்தித் தேய்த்து ஓட்டைகளை நிரப்புங்கள். காய்ந்ததும் தேய்த்துவிட்டு அடுத்த பூச்சு.

ஓட்டைகளைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க முடியாது. இரவில் விளக்கை அணைத்து, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் படுக்கவைத்து அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் வேறு வேறு நிறப்பொடி கலப்பதும் நல்ல பழக்கம்: சாம்பல், அதன் மேல் நீலம். மெலிந்த இடம் எட்டிப் பார்த்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாம் பூச்சு தோல் மாதிரி உரிகிறது

மழைக்கால வேலையில் வருவது. ஈரக்காற்றில் இறுகும் எபாக்சியின் மேல் மெழுகு போல ஒரு வழவழப்புப் படலம் வரும். அதன் மேல் பூசியது எதுவும் ஒட்டாது. தின்னரால் துடைத்தால் அது பரவுமே தவிரப் போகாது. வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும்தான் மருந்து. கழுவி, துடைத்து, காய்ந்த பின் தேய்த்துவிட்டு அடுத்த பூச்சு. முதலில் தேய்த்தால் மெழுகையே உள்ளே அமுக்கிவிடுவீர்கள், ஆகவே வரிசை மாறக் கூடாது.

ஃபைபர் பாய் எபாக்சியில் ஊறாமல் வெள்ளை வெள்ளையாக நிற்கிறதா? நறுக்கிய இழைப் பாயில் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்சிக்கு நெய்த துணியாக வாங்குங்கள்.

சுவர் வயிறு தள்ளுகிறது

நீளச் சுவரின் இரண்டு முனையிலும் ஒரே கனமுள்ள கட்டையை வைத்து, நைலான் நூலை இழுத்துக் கட்டி, நடுவில் எவ்வளவு இடைவெளி என்று அளவெடுங்கள். நிரப்புவதற்கு முன் ஒரு அளவு, நிரப்பிய அன்றைக்கு ஒன்று, அப்புறம் வாரம் ஒன்று. நிரப்பியதும் இரண்டு மூன்று மி.மீ. தள்ளி அதோடு நின்றால் கவலைப்பட வேண்டாம். வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போவதுதான் ஆபத்து. அங்கே திருகு இழுபடுகிறது, அல்லது ப்ளை அடுக்குகள் வழுக்குகின்றன.

மேல் விளிம்பு மட்டும் வெளியே போகிறது என்றால் மேல்சட்டம் போதவில்லை. தண்ணீரைப் பாதியாக்கிவிட்டு, சுவரை வெளியிலிருந்து பார் கிளாம்பால் மெதுவாக உள்ளே கொண்டுவந்து, முன்னும் பின்னும் இணைக்கும் குறுக்குச்சட்டம் இரண்டு போடுங்கள். அகலமான ப்ளைத் துண்டு கிடையாகக் கிடந்தால்தான் பலம். நிமிர்த்தி வைத்த ரீப்பர் வளையும். நடுவயிறு தள்ளினால் வெளியே செங்குத்தாகக் கட்டை அடித்து, எபாக்சிப் பசையும் திருகும் சேர்த்துப் பொருத்த வேண்டும். ப்ளையின் விளிம்புக்குள் முறுக்கிய திருகு பிடிமானம் தராது. உள்மூலையில் கட்டை கொடுத்து அதில் முறுக்கியிருந்தால்தான் நிற்கும். இதற்கு ஒரு தச்சு ஆசாரியைக் கூட்டிக்கொள்வது நல்லது.

ஒரு பக்கம் மட்டும் சாய்ந்து தள்ளுகிறது என்றால் கோளாறு தொட்டியில் இல்லாமல் தரையில் இருக்கலாம். ரசமட்டத்தை நான்கு மூலையிலும் வைத்துப் பாருங்கள். மாடியில் வைத்திருப்பவர்கள் கவனிக்க: வீட்டுத் தளத்துக்குக் கணக்கிடும் பாரம் ஐ.எஸ். 875 விதிப்படி சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், அதாவது ஏறக்குறைய 200 கிலோ. 2½ அடி தண்ணீர் மட்டும் சதுர மீட்டருக்கு 780 கிலோ. பாறையும் ஸ்டாண்டும் தனி. கட்டுமானப் பொறியாளர் வந்து பார்க்காமல் மாடியில் இந்த அளவுத் தொட்டி வேண்டாம். கட்டில் மாதிரி நாலு பேர் சேர்ந்து நகர்த்தக்கூடிய சாமான் இல்லை இது.

கண்ணாடி ஓரத்தில் சிலிக்கான் வெளுக்கிறது, பிரிகிறது

கண்ணாடியைப் பிடித்து அழுத்திச் சிலிக்கானை முழுக்கப் பிதுக்கி எடுத்துவிடுவார்கள். கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் 3 மி.மீ. சிலிக்கானாவது நிற்க வேண்டும்; கண்ணாடியும் மரமும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கும்போது அந்தக் கனம்தான் இழுபட்டுக் கொடுக்கும். சின்ன ரப்பர் துண்டுகளை இடைவெளிக்கு வைத்து ஒட்டினால் கனம் தப்பாது.

சித்திரை வெயிலில் சிலிக்கான் சீக்கிரம் இறுகும் என்று நினைக்க வேண்டாம். அது இறுகக் காற்றிலுள்ள ஈரம் வேண்டும், அதுவும் விளிம்பிலிருந்து உள்ளே நாளொன்றுக்கு 2, 3 மி.மீ. கணக்கில்தான் போகும், உள்ளே போகப் போக இன்னும் மெதுவாக. கண்ணாடிக்கு அடியில் 2 அங்குலம் அகலமாகப் போட்டிருந்தால் ஒரு வாரத்தில் நிரப்பக் கூடாது. பூஞ்சை மருந்து கலக்காத சிலிக்கானாகப் பார்த்து வாங்கி, வினிகர் வாடை முழுக்கப் போகும் வரை காத்திருங்கள். மேலே தோல் கட்டியிருப்பதை நம்பாதீர்கள்.

பிரிந்த இடத்தில் மட்டும் புதுச் சிலிக்கானை வைத்து ஒப்பேற்றவும் முடியாது. இறுகிய சிலிக்கானோடு புதுசு சரியாகச் சேராது. அந்தப் பக்கம் முழுவதையும் பிளேடால் எடுத்துவிட்டு, கண்ணாடியை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, எபாக்சிப் பக்கத்தை லேசாகத் தேய்த்து, புதிதாகப் போட வேண்டும்.

உள்ளே வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள்

சம இடைவெளியில் புள்ளி என்றால் திருகுத் தலை. தண்ணீர் அதைத் தொட்டுவிட்டது. புள்ளியின் மேல் பூசினால் துரு உள்ளே வளர்ந்து பூச்சை உடைக்கும். திருகைத் தோண்டி எடுத்து, துளையை எபாக்சிப் பட்டியால் அடையுங்கள். பசை இறுகிய பின் அந்தத் திருகால் பெரிய வேலை ஒன்றும் இல்லை. உள்பக்கம் திருகு தேவையென்றால் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு. பித்தளைத் திருகு துருப்பிடிக்காது என்று போடுவார்கள், அது அடுத்த தொல்லைக்கு வழி.

மீன் நன்றாக இருக்கிறது, இறாலும் நத்தையும் சாகின்றன

இது செம்பின் கையெழுத்து. மீன் நோய்க்கு மருந்தாகப் போடும் செம்பு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் அளவுதான்; மீன் தாங்கும் அந்த அளவே இறாலையும் பவளத்தையும் முடித்துவிடும். எங்கிருந்து வரலாம்? பித்தளைத் திருகு, பித்தளை வால்வு, போர் மோட்டாரின் கன்மெட்டல் பாகங்கள். அப்புறம் ப்ளையே. ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் ப்ளைக்குக் கரையானும் பூஞ்சையும் வராமல் மருந்து ஏற்றியிருப்பார்கள். அந்த மருந்தில் செம்பு உப்பு இருக்கலாம். அதற்காக ஐ.எஸ். 710-ஐத் தள்ள வேண்டாம். 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் பசை விடக் கூடாது என்ற சோதனை அதற்குத்தான் உண்டு. பூச்சு முழுமையாக இருந்தால் மருந்து தண்ணீருக்கு வராது. ஆக, இறால் சாவதும் ஒரு கசிவின் அறிகுறிதான், தண்ணீர் இன்னும் வெளியே வராத கசிவு. டெஸ்ட் கிட்டில் செம்பு தெரிந்தால் தண்ணீரை மாற்றி, கரியும் செம்பை ஈர்க்கும் வடிகட்டிப் பஞ்சும் போட்டு நாளைக் கடத்தலாம். ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் தீராது.

செம்பு இல்லை, புதுத் தொட்டி என்றால் முழுக்க இறுகாத எபாக்சி. கடைசிப் பூச்சுக்குப் பிறகு ஒரு வாரம் விட்டு, நல்ல தண்ணீர் நிரப்பி, சில நாள் கழித்து இறக்கி, இன்னொரு முறை நிரப்பி இறக்கியிருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் கசிவும் தெரியும். உப்பு போட்ட பிறகு தெரிந்தால் செலவு.

உப்பு கலந்ததும் தண்ணீர் பாலாகிறது

போர் தண்ணீரில் கலந்திருப்பீர்கள். நம்ம பக்கத்துப் போர் தண்ணீரில் சுண்ணாம்பு ஏற்கெனவே ஏராளம். செயற்கைக் கடல் உப்பும் கால்சியம் கொண்டுவருகிறது. இரண்டும் சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும். ஆர்.ஓ. தண்ணீரில் கலந்தால் வராது, அதுவும் டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். குடிக்கிற ஆர்.ஓ.வில் தாது சேர்க்கும் பகுதி இருக்கும், அதைத் தாண்டாமல் எடுங்கள். பழுப்புப் பாசி கண்ணாடி முழுக்கப் படர்வதற்கும் சிலிகேட் நிறைந்த தண்ணீர்தான் பெரும்பாலும் காரணம். புதுத் தொட்டியில் கொஞ்ச நாள் வந்து போகும்.

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து கடல் தண்ணீரே கொண்டுவருகிறவர்களும் இருக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் அந்தத் தண்ணீரின் உப்பு இறங்கியிருக்கும், கலங்கலாகவும் இருக்கும். ரிஃப்ராக்டோமீட்டரில் அடர்த்தி 1.025 வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். தண்ணீரோடு கரையில் கிடக்கும் பவளப்பாறையையும் தூக்கிவருவது பாறை போட்ட மறுநாளே நாறும் தொட்டிகளின் கதை. அதில் செத்துக்கொண்டிருக்கும் உயிர்கள் அம்மோனியாவை ஏற்றிவிடும். அதுமட்டுமில்லை, கடினப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. தடை செத்த பவளத் துண்டுக்கும் சேர்த்துத்தான். உலர்ந்த செயற்கைப் பாறையோ, சிமெண்டில் நீங்களே வார்த்ததோ போதும். சிமெண்ட் பாறையை பி.எச். இறங்கும் வரை பல வாரம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவிடுங்கள்.

பவளம் வெளுக்கிறது, தண்ணீர் 31 டிகிரி

மரச்சுவர் வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. சில்லர் இருப்பவர்களுக்கு இது லாபம், கரண்டு பில் குறையும். சில்லர் இல்லாதவர்களுக்கு நஷ்டம்: பம்பின் சூடும் விளக்கின் சூடும் உள்ளேயே நிற்கும். முதலில் மூடியைத் திறந்து, மேல்பரப்பில் விசிறி அடிக்க விடுங்கள். ஒரு லிட்டர் ஆவியானால் 1,700 லிட்டர் தண்ணீர் மூன்றில் ஒரு டிகிரி குறையும். அதாவது மூன்று டிகிரி இறக்கி, அங்கேயே நிறுத்தி வைக்க, தினமும் நிறையவே ஆர்.ஓ. தண்ணீர் ஊற்ற வேண்டிவரும். ஊற்றாவிட்டால் உப்பு ஏறும். கோடையில், பங்குனி, வைகாசிக் காற்றில் விசிறி நன்றாக வேலை செய்யும். மழைக்காலப் புழுக்கத்தில் அவ்வளவாகச் செய்யாது. 26 டிகிரியில் நிலையாக நிற்க வேண்டும் என்றால் மதுரைக்குச் சில்லர்தான், இல்லையென்றால் அறைக்கு ஏ.சி.

கரண்டு போனதும் தரையெல்லாம் தண்ணீர்

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் முதன்முதலாகத் தெரியவரும் கோளாறு. பம்பு நின்றதும் ரிட்டர்ன் குழாய் தலைகீழாக உறிஞ்சி, மேல்தொட்டித் தண்ணீரைக் கீழ்த்தொட்டிக்கு இறக்கிவிடும். குழாயின் வாய் தண்ணீர் மட்டத்துக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் அடியில் இருக்கக் கூடாது. மட்டத்தை ஒட்டி ஒரு சிறு துளையும் போட்டுவிடுங்கள், காற்று புகுந்து உறிஞ்சல் நிற்கும். துளையில் பாசி அடைக்கும் என்பதால் மாதம் ஒருமுறை குத்திவிட வேண்டும். 8 அடிக்கு 3 அடித் தொட்டியில் ஓர் அங்குலம் தண்ணீர் என்பது 56 லிட்டர்; கீழ்த்தொட்டியில் அதுபோல இரண்டு அங்குலத்துக்காவது எப்போதும் இடம் காலியாக இருக்கட்டும். நாமே ஒருமுறை மெயினை அணைத்துப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். பேட்டரியில் ஓடும் காற்று பம்பு இரண்டு வாங்கி வையுங்கள்.

தட்டினால் பொத்தென்கிறது

சுவரை வெளியே சுத்தியல் காம்பால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல ப்ளை கணீரென்று சொல்லும். பொத்தென்ற இடத்தில் அடுக்கு பிரிந்திருக்கிறது. ஒரு தட்டு அளவுக்கு, அதுவும் சுவரின் நடுவில் என்றால் வெளியிலிருந்து வெட்டி எடுத்து, புதுத் துண்டை எபாக்சியில் பதித்து, மேலே பெரிதாக இன்னொரு ப்ளை அடிக்கலாம். அடியிலோ, இரண்டு சுவர் சேரும் மூலையிலோ பொத்தென்றால் அந்தப் பெட்டியை நம்ப வேண்டாம். இளகிய மூலைக்கு எத்தனை பூச்சு போட்டாலும் விசையைத் தாங்கப்போவது மரம்தான்.

அந்த நிலையில் காப்பாற்ற வேண்டியது கண்ணாடி. பெட்டியை மல்லாக்கச் சாய்த்து வைத்து, சிலிக்கானுக்குள் மெல்லிய எஃகுக் கம்பியை விட்டு, இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் இழுத்தால் அறுந்து வந்துவிடும். 19 மி.மீ. கண்ணாடி என்றால் அந்த அளவுக்கு 80 கிலோவுக்கு மேல் இருக்கும், தூக்க நாலு பேரும் கண்ணாடிக்காரரின் ரப்பர் உறிஞ்சியும் வேண்டும். விளிம்பில் சிப்பு விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவாமல் டார்ச் அடித்துப் பாருங்கள். சிப்பு இல்லையென்றால் அடுத்த பெட்டிக்கு அதே கண்ணாடி போதும்.